ஏரியில் கொட்டினால் கேட்க ஆளில்லை, சுவரில் பூசினால் பில் நிற்கிறது: எஸ்டிமேட் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்திலும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பத்திலும் அரசுக் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடும், அளவெடுக்கும், பில் பாஸ் செய்யும் பொறியாளர்களுக்கு,

போன கார்த்திகையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாங்கள் பூசி, தண்ணீர் விட்டு, காய்ந்து, பத்தொன்பது நாள் ஆகியிருந்த சுவரை உங்களில் ஒருவர் கொத்திப் போடச் சொன்னார். கொத்தினோம். பிடிக்காத பூச்சாக இருந்தால் உளியை வைத்து ஒரு தட்டு தட்டியதும் பாளம் பாளமாகக் கழன்று விழும், அரை நாளில் வேலை முடிந்துவிடும். இது அப்படி விழவில்லை. விரல் அகலம் விரல் அகலமாகக் கொத்த வேண்டியிருந்தது, சில இடத்தில் பூச்சோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. நாலு பேருக்கு இரண்டு முழு நாள் ஆனது. என் அண்ணன் மகன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, இவ்ளோ கெட்டியா இருக்கறத எதுக்கு உடைக்கிறோம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தச் சுவரில் வெடிப்பு இல்லை. அந்தப் பொறியாளர் தட்டிப் பார்க்கவில்லை, ஆணியால் கீறிப் பார்க்கவில்லை, ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பவும் இல்லை. மூலையில் இருந்த மூட்டைகளைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். கிரானைட் தூள், மணலில் கொஞ்சத்தைக் குறைத்துவிட்டு இதைச் சேர்த்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னேன். "எஸ்டிமேட்டுல இல்லம்மா" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் குப்பம் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது இதே தூளைக் காட்டி அங்கிருந்த பொறியாளரிடம் கேட்டேன். அவர் "எஸ்டிமேட்லோ லேதம்மா" என்றார். மொழிதான் வேறு, வார்த்தை ஒன்றுதான்.

எழுத்தில் அனுமதி வாங்காமல், சைட்டில் இருந்தவர் வாய்வார்த்தையாகச் சரி என்றதை நம்பிச் செய்தது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன், நஷ்டத்தையும் நானே ஏற்றுக்கொண்டேன், அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நாங்கள் கொத்திப் போட்ட பூச்சு இரண்டு டிராக்டர் லோடு வந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டதற்கு எல்லோரும் கையைக் காட்டிய இடம் ஊர் ஏரிக்கரை. அந்தக் கரையில் ஏற்கெனவே வெள்ளையாகப் படிந்து கிடப்பது என்ன தெரியுமா? அதே கிரானைட் தூள். சுவரில் ஒரு பங்கு போட்டால் தரம் கெட்டுவிடும் என்று நீங்கள் தடுக்கிற பொருள், டேங்கர் டேங்கராக ஏரியில் இறங்குகிறது. எஸ்டிமேட்டில் இல்லாததால்தான் அது ஏரிக்குப் போகிறது, இதைத்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் சித்தாளாக வேலைக்கு வந்தவள். முதல் சில வருடம் மணல் சலிப்பதும் கலவைச் சட்டியான பாண்டு தூக்குவதும்தான் வேலை. அப்போது எங்களுக்கு வந்ததெல்லாம் பாலாற்று மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும், கழுவவே வேண்டாம். அந்த ஆறு இன்று எப்படிக் கிடக்கிறது என்பது வாணியம்பாடிப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆற்று மணல் போய் எம்சாண்ட் வந்தது. எம்சாண்ட் என்றால் மலையை உடைத்துப் பொடித்த மணல். பர்கூர் சாலையில் நான் சின்ன வயதில் அடையாளம் வைத்துக்கொண்டிருந்த ஒரு குன்று இப்போது தண்ணீர் தேங்கிய குழி. சித்தாளாக இருந்து கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது அண்ணனும் நானும் எட்டுப் பேரை வைத்துப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறோம். ஆக மணலின் மூன்று காலத்தையும் என் கையால் கலக்கியிருக்கிறேன், மூன்றாவது காலம் எது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வழியாகக் குப்பம் வரைக்கும் வழியெங்கும் கிரானைட் அறுக்கிற, பாலிஷ் போடுகிற தொழிற்சாலைகள். பெரிய கல்லைப் பலகை பலகையாக அறுக்கும்போது வாள் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். வாள் போன பாதையில் இருந்த கல் முழுக்கத் தூளாகி அந்தத் தண்ணீரோடு சேறாக ஓடி வரும். தொட்டியில் தேக்கி, தெளிந்த தண்ணீரை மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள், அடியில் தங்கிய சேறுதான் கழிவு. அதைக் கொட்ட ஒழுங்கான இடம் ஒதுக்கி அங்கேயே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் ஏரிப்பக்கம் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிற டேங்கரையும் எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே எல்லை வேறு வசதியாக இருக்கிறது. இந்தப் பக்கத்து வண்டி பத்து நிமிடம் ஓடினால் ஆந்திரா, அந்தப் பக்கத்து வண்டி பத்து நிமிடம் ஓடினால் தமிழ்நாடு. புகார் கொடுக்கப் போனால் இங்கே "அது அங்கிருந்து வந்த வண்டிம்மா", அங்கே "அதி தமிழ்நாடு பண்டி அம்மா".

ஏரியில் அது காய்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை வந்து பாருங்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் அப்பளம் காயப்போட்ட மாதிரி வெடித்து, ஓரம் மேலே சுருண்டு கிடக்கும். ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்தால் கோலமாவை விட நைசாக, வழவழவென்று இருக்கும். அந்த நைசுதான் ஏரிக்கு விஷம். மண்ணின் கண்ணையெல்லாம் அடைத்துவிடுகிறது, மழைத் தண்ணீர் கீழே இறங்குவதில்லை, அந்தத் திட்டின் மேல் புல்கூட முளைப்பதில்லை. சித்திரை வைகாசியில் காற்றடித்தால் பக்கத்துத் தெருவுக்கே வெள்ளைப் புகை. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் நுண்தூளை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும், சிலிகோசிஸ் என்கிறார்கள், வந்தால் சரிசெய்ய முடியாது. கல் உடைத்தவர்களுக்கு வந்த நோய் அது. அந்தத் தூளை இப்போது ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

இந்த நைசு ஏரிக்கு விஷம்தான், ஆனால் பூச்சுக் கலவைக்கு அதே நைசு தேவைப்படுகிறது. எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், முதலில் கெட்டுப்போய்த்தான்.

2019இல் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு, மணல் போதாமல் போனதால் பக்கத்துத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்த காய்ந்த சேற்றை இடித்துச் சலித்துக் கலந்தேன். பூசும்போது கரண்டியில் வெண்ணெய் மாதிரி இழுத்தது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆடி மாதச் சாரல் பட்டதும் சுவரெல்லாம் பழுப்புப் புள்ளி. அம்மை போட்ட முகம் மாதிரி. முதலில் சிமெண்டைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மீதியிருந்த தூளுக்குள் விட்டு எடுத்தேன். பையைச் சுற்றிக் கறுப்பாக மீசை முளைத்திருந்தது. இரும்புத் தூள். பல வாள்கள் வரிசையாக ஓடுகிற பழைய கேங்சா முறையில் அறுக்கும்போது கல்லை அரைக்க இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுவார்கள், அந்த இரும்பு தேய்ந்து சேற்றிலேயே தங்கிவிடுகிறது. ஈரம் பட்டால் துரு. வைரப்பல் வைத்த கட்டரிலும் வயர்சா என்கிற கம்பி வாளிலும் அறுத்தால் இரும்புக் குருணை தேவைப்படாது, அந்தச் சேறு சுத்தமாக இருக்கும். இரண்டும் வெளியில் பார்க்க ஒரே சாம்பல் நிறம்தான். காந்தம் மட்டும்தான் பிரித்துச் சொல்லும். அன்றிலிருந்து காந்தம் விட்டுப் பார்க்காமல் நான் ஒரு மூட்டை தூளும் வாங்குவதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் காம்பவுண்டுச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி கட்டம் கட்டமாகப் பூசி, ஒவ்வொன்றிலும் ஆணியால் தேதியும் அளவும் கீறி வைத்தேன். மணலில் பத்தில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு, பாதி. பாதி போட்டது ஒரே வாரத்தில் முடி வெடிப்பு விட்டு வலை பின்னிய மாதிரி ஆகிவிட்டது. நாலில் ஒரு பங்கு போட்டதும் தண்ணீர் அதிகம் கேட்டது, ஓரத்தில் வெடித்தது. பத்தில் ஒன்றும் ஏழில் ஒன்றும் இன்று வரை நிற்கின்றன. காரணம் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. எம்சாண்ட் மணி முனை முனையாக இருக்கும், ஆற்று மணல் மாதிரி உருளாது, மணிக்கும் மணிக்கும் நடுவே இடம் விடும். அந்த இடத்தை நிரப்ப நைசான ஒன்று வேண்டும், இல்லையென்றால் சிமெண்டை அள்ளிப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். கொஞ்சம் தூள் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தால் கலவை நெருக்கமாகிறது, சுவரில் ஒட்டுகிறது, கீழே சிந்துவது குறைகிறது. அளவு மீறினால் தூளை நனைக்கவே தண்ணீர் போய்விடும், காயும்போது சுருங்கி வெடிக்கும்.

இந்த இடத்தில் உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். அந்த வகுப்பறைச் சுவரை மறுபடி பூச நீங்கள் ஏற்றுக்கொண்ட எம்சாண்ட் லோடில் கையை விட்டேன், முழங்கை வரை வெள்ளை. கிரஷரில் கழுவாமல் வந்த லோடு. அதில் இருந்ததும் கல்தூள்தான், அதே மலையின் கல்தான். கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தர விதியான ஐஎஸ் 383, உடைகல் மணலில் 75 மைக்ரானுக்கும் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. அதாவது கிரஷரிலிருந்து அளக்காமல் வருகிற தூளுக்கு உங்கள் புத்தகத்தில் இடம் இருக்கிறது. நான் காந்தம் விட்டு, சலித்து, பெட்டியில் அளந்து போடுகிற தூளுக்கு இடம் இல்லையா?

அதே ஐஎஸ் 383 பழைய பதிப்பில் "இயற்கை மூலங்களிலிருந்து கிடைக்கும்" ஜல்லியும் மணலும் என்றுதான் தலைப்பே இருந்தது. 2016இல் திருத்தியபோது அந்த இயற்கை என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, இரும்புக் கசடு, உருக்குக் கசடு, தாமிரக் கசடு, இடித்த கான்கிரீட் எல்லாவற்றுக்கும் எந்த வேலையில் எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. புத்தகம் எழுதியவர்கள் வந்த தூரத்துக்கு எங்கள் பக்கத்து எஸ்டிமேட் இன்னும் வரவில்லை.

சாம்பல் கதையும் இதுதான். கலவையில் சாம்பல் என்று சொன்னாலே முகம் சுளிக்கிறீர்கள். ஆனால் சைட்டில் இறங்குகிற மூட்டையில் முக்கால்வாசி பிபிசி என்கிற சாம்பல் கலந்த சிமெண்ட், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின்நிலையச் சாம்பல்தான். உங்கள் கையெழுத்தோடு எத்தனை டன் சாம்பல் சுவரேறியிருக்கும்! அது மோசமான பொருளும் இல்லை. சாம்பல் துகள் ஒவ்வொன்றும் குட்டிக் குட்டி உருண்டை, பூச்சைச் சமப்படுத்துகிற மணியாஸ் கட்டை போட்டுத் தேய்க்கும்போது கலவை வழுக்கிக்கொண்டு வருவது அதனால்தான். பலம் மெதுவாக ஏறும், அதனால் தண்ணீர் விடுவதை ஏழு நாளில் நிறுத்தக் கூடாது, பத்துப் பதினைந்து நாள் விட வேண்டும். (நான் பார்த்த வரைக்கும் பாதிப் பூச்சு கெடுவது கலவையால் இல்லை, மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுவதால்தான்.) இந்தச் சாம்பலைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999இலேயே அறிவிக்கை போட்டது, 2021 டிசம்பர் 31இல் போட்ட புதிய அறிவிக்கை அனல் மின்நிலையத்தைச் சுற்றி 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானத்தைக் குறிப்பிட்டே பேசுகிறது. மேட்டூர் அனல் மின்நிலையம் இங்கிருந்து அந்தத் தூரத்தில் பாதிகூட இல்லை.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. சுட்ட செங்கல்லை இடித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்துத்தான் 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். மொட்டை மாடியில் தட்டு ஓட்டுக்கு அடியில் நம் பெரியவர்கள் போட்ட செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு என்ன? உடைந்த செங்கல், சூளையில் மிஞ்சியது. எடை குறைவு, வெயிலையும் கீழே விடாது. இலேசான ஜல்லி என்று இப்போது படித்தவர்கள் பேசுவதை அந்த நாளிலேயே கட்டையால் அடித்துப் பதித்திருக்கிறார்கள்.

இலேசு என்றதும் நான் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது, இதை நீங்கள் எந்த அட்டவணையிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பாண்டு சிமெண்ட் கலவை எத்தனை கிலோ என்று என்றைக்காவது நிறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், விளிம்பு தட்டாமல் நிரப்பினால் இருபத்தொரு கிலோ. அதைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிச் சாரத்தில் ஏறுவது பெண்கள்தான், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எண்ண முடியாது. எனக்கு நாற்பது வயதுக்குள் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இடது கை விரல் மூன்று காலையில் எழுந்ததும் மரத்துப்போய் இருக்கும். என்னோடு வேலை ஆரம்பித்த இரண்டு பேர் இப்போது வேலைக்கே வருவதில்லை.

திருப்பத்தூர் பக்கத்தில் சேவத்தூரில் அரசு நிறுவனமான டாமினுக்கு வெர்மிகுலைட் சுரங்கம் உண்டு. பார்க்க அப்ரகம் மாதிரி மினுக்குகிற கல். அதைச் சட்டென்று அதிகச் சூட்டில் காட்டினால் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஈரம் ஆவியாகி, ஆர்மோனியப் பெட்டித் துருத்தி விரிகிற மாதிரி பல மடங்கு விரிந்துகொள்ளும். விரிந்ததைக் கையில் வைத்தால் பொரி மாதிரி, எடையே தெரியாது. ஒரு தெரிந்தவர் வீட்டில் மேற்கு பார்த்த அறைக்கு உள்பூச்சாகவும், மாடியில் ஓட்டுக்கு அடியிலும் இதைச் சிமெண்டோடு கலந்து போட்டுப் பார்த்தேன். அதே பாண்டு, அதே அளவு நிரப்பி, அதே தராசில் வைத்தால் ஒன்பதரை கிலோ. அன்றைக்கு என் ஆட்களில் ஒரு பெண் மத்தியானம் வரை தூக்கிவிட்டு, "அக்கா, இன்னிக்கு வேலையே செய்யாத மாதிரி இருக்குது" என்றாள். அவள் முகத்தை நான் மறக்க மாட்டேன். அந்த வீட்டுக்காரர் பங்குனி வெயிலில் கூப்பிட்டுச் சொன்னது வேறு: மேற்குச் சுவரில் சாயங்காலம் கை வைத்தால் முன்பு மாதிரி சுடவில்லை என்று.

இதற்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. பலம் குறைவு, ஆணி அடித்தால் பிடிக்காது, தண்ணீரை உறிஞ்சும், அதனால் வெளிச் சுவருக்கும் குளியலறைக்கும் ஆகாது. மிக்ஸர் மெஷினில் போட்டு வெகுநேரம் சுற்றினால் விரிந்த அடுக்கெல்லாம் நசுங்கி எடை குறைந்த பயனே போய்விடும், கையால் மெதுவாகப் புரட்டிக் கலக்க வேண்டும். மணலோடு ஒப்பிட்டால் விலையும் அதிகம். ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் மாடி வகுப்பறையில் பிள்ளைகள் மத்தியானம் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள், மேல்தளத்தில் ஒரு அறைக்கு மட்டுமாவது போட்டால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எஸ்டிமேட்டில் ஒரு வரி இருந்தால்தானே முடியும்.

கழிவு என்று பெயர் வைத்தால் எதை வேண்டுமானாலும் சுவரில் போடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைச் சேற்றைக் கலவையில் போட்டுப் பார்க்கலாமே என்று ஒருவர் என்னிடமே கேட்டார், அவரை வீட்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அதில் குரோமியம் இருக்கிறது. பிள்ளைகள் சாய்ந்து உட்காருகிற சுவரில் அதற்கு இடம் கிடையாது. பிபிசி சிமெண்டில் ஏற்கெனவே சாம்பல் இருக்கும்போது சைட்டில் மேலும் சாம்பலைக் கொட்டிச் சிமெண்டைக் குறைக்கிற ஆட்களையும் எனக்குத் தெரியும், அது திருட்டு, அதைப் பிடித்தால் நீங்கள் கொத்தச் சொல்வது நியாயம். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எழுதி வைத்த விதி இல்லாமல் ஒருவரை நம்பி விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் அதைச் சாக்காக வைத்து மண்ணை அள்ளிப் பூசுவார்கள், சுவர் விழுந்தால் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள். அதனால்தான் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று கேட்காமல், விதியை எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

2025 ஏப்ரலில் கிரஷர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை இல்லை, கட்டடம் பாதியில் நின்றது, அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஏரியில் தூள் மலையாகக் கிடந்தது. அந்த நாட்களில்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கார்த்திகையில் அந்தச் சுவரைக் கொத்திய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கோரிக்கைகள் இவை.

எஸ்டிமேட்டுக்கு அடிப்படையான விலைவிகிதப் பட்டியலை அடுத்துத் திருத்தும்போது உள்பூச்சுக்கும் கட்டுவேலைக்கும், மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சோதித்த கிரானைட் தூள் சேர்த்த கலவை என்று தனியாக ஒரு ஐட்டம் எழுதுங்கள். எத்தனை சதவீதம் என்பதை என் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நம் பொறியியல் கல்லூரிகளில் சோதனைக்கூடம் இருக்கிறது, கனசதுரம் போட்டு உடைத்துப் பார்த்து நீங்களே அளவைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற அளவை மீற மாட்டோம். மேல்தள வகுப்பறைகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வெர்மிகுலைட் பூச்சுக்கு இன்னொரு ஐட்டம் வேண்டும்.

தொழிற்சாலைகளுக்குச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் சொல்ல வேண்டியவர்களுக்கு நீங்கள் எழுதினால் மதிப்பு உண்டு. கேங்சா சேற்றையும் வைரக் கட்டர் சேற்றையும் ஒரே தொட்டியில் விடக் கூடாது. தனித்தனியாகத் தேக்கி, ஈரம் காயாமல் மூடி வைத்து, வருகிறவர்களுக்கு எடை போட்டுக் கொடுக்கட்டும். ஒவ்வொரு லோடுக்கும் எந்த முறையில் அறுத்தது என்று ஒரு சீட்டு கொடுத்தால் போதும், காந்தத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். எங்கள் ஆட்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுக்கிற செலவையும் ஐட்டத்தின் விலையில் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

இரண்டு மாநிலத்துப் பொறியாளர்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசுங்கள். இந்தப் பக்கம் மட்டும் ஐட்டம் வந்தால் அந்தப் பக்கத்துத் தூள் இந்தப் பக்கத்து ஏரிக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

கடைசியாக, ஒரு சோதனைச் சுவர் கொடுங்கள். நடக்கிற ஏதாவது ஒரு அரசுக் கட்டடத்தில், சாமான் வைக்கிற அறையாக இருந்தாலும் சரி, சைக்கிள் கொட்டகையாக இருந்தாலும் சரி, பத்தடி நீளம் போதும். பாதியை உங்கள் எஸ்டிமேட் கலவையில் பூசுகிறோம், பாதியை எங்கள் கலவையில் பூசுகிறோம், கூலி வேண்டாம். எந்தப் பாதி எது என்று எழுதிச் சீல் வைத்து உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். அப்புறம் சுத்தியலோடு வாருங்கள், தட்டிப் பாருங்கள், கீறிப் பாருங்கள், துண்டு எடுத்து அனுப்புங்கள். எங்கள் பாதி தோற்றால் நாங்களே கொத்திப் போடுகிறோம். ஆனால் அது வரைக்கும், ஒரு பூச்சைக் கொத்தச் சொல்வதற்கு முன்னால் சோதனை செய்துவிட்டுச் சொல்லுங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

இந்த மடலுக்குப் பதிலும் எழுத்தில் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று இரண்டு வரி எழுதினாலும் போதும், தமிழிலும் எழுதலாம், தெலுங்கிலும் எழுதலாம், எங்கள் ஊரில் இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பர்கூர் – குப்பம் சாலைப் பக்கம் பூச்சு வேலை எடுத்துச் செய்யும் ஒரு பெண்